தெருவிலே நடக்க

தெரு என்பது நடப்பதற்கு. இதைச் சொல்லவும் ஒரு கட்டுரையா என்பீர்கள். ஆம், தோழர்களே! நடப்பதற்கென்றே போட்ட தெருவில் நடக்காதே என்று மனிதனுக்கு மனிதன் ஆணையிட்ட நாடு இது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களிலே நாய் நடந்தது, மாடு நடந்தது. மனிதன் நடந்தால் தீட்டு! அந்த உரிமைக்காக 1924 மார்ச் 30இல் அறப்போர் மூண்டது. பெரியார் சிறை புகுந்தார். நமது பொருநைக் கரை மட்டும் புனிதமா? சேரன்மாதேவிக் குருகுலத்தில் சாதி பார்த்துத் தனிப்பந்தி வைத்ததும் அதே காலத்தில்தான். கடல் கடந்தால் சாதி கெடும் என்றொரு சாத்திரமும் இருந்தது.

அந்தச் சாத்திரத்தைச் சந்தி சிரிக்க வைக்கிறது இன்று ஒரு கைப்பேசி. கூகுள் நிறுவனம் 2007இல் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் தொடங்கிய 'ஸ்ட்ரீட் வியூ' எனும் தெருக்காட்சியைச் சொல்கிறோம். கூரைமேல் கேமரா பொருத்திய கார் தெருத்தெருவாக ஓடும். எல்லாத் திசையிலும் எடுத்த படங்களைக் கணிப்பொறி ஒன்றாய்த் தைக்கும். பார்ப்பவர் விரலாலேயே நடக்கலாம், திரும்பலாம், அண்ணாந்து மாடியைப் பார்க்கலாம். வழிப்போக்கர் முகங்களை மங்கலாக்கிவிடுகிறார்கள். நெற்றிக் குறியும் கூடவே மங்கிவிடுகிறது, நல்லதுதான்!

வரலாற்று வகுப்பில் இதனைத் திரையில் காட்டினோம். கி.பி. 79இல் வெசுவியசு எரிமலையின் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகருக்குள் நுழைந்தோம். கல் பாவிய தெரு, வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளம், குறுக்கே கடக்க இட்ட உயரமான கற்கள். "ஆதிச்சநல்லூர்த் தாழிகளை அடக்கம் செய்தவர்களும் இப்படித் தெருவில் நடந்திருப்பார்களா, சார்?" என்றான் ஒருவன். பின்னர் மாண்ட்கோமரி நகரம் சென்றோம். 1955இல் ரோசா பார்க்ஸ் எனும் கறுப்பினப் பெண்மணி, வெள்ளையனுக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்த ஊர் அது. வகுப்பு அமைதியாயிற்று.

அப்போதுதான் ஒரு சிறுமி எழுந்தாள். "எங்கள் தெருவைக் காட்டுங்கள் சார்."

தேடினோம். இந்தியாவில் 2022இல் பத்து நகரங்களோடு இது தொடங்கியபோது சென்னை இருந்தது, நெல்லை இல்லை. பிறகு வந்த கார் எங்கள் ஊர்ப் பெருஞ்சாலையோடு போயிருக்கிறது. வாய்க்காலுக்கு அப்பாலுள்ள காலனித் தெருவுக்குள் அது திரும்பவில்லை. பாம்பேய்க்குப் போன விரல் பக்கத்துத் தெருவுக்குப் போக முடியாமல் நின்றது!

கார்மேல் குற்றமில்லை. எந்திரத்துக்குச் சாதி தெரியாது. நல்ல சாலை உள்ள இடத்தில் ஓடிற்று. நல்ல சாலை எதுவரை போடப்படவேண்டும், எங்கே நிறுத்தப்படவேண்டும் என்று முடிவு செய்தது யார்? எந்திரமா?

முழுவட்டப் படம் எடுத்து அந்த வரைபடத்தில் சேர்க்கப் பொதுமக்களுக்கும் வழியுண்டு. வரும் ஞாயிறன்று பிள்ளைகளோடு போகிறோம், வாய்க்கால் பாலத்திலிருந்து கடைசி வீடு வரைக்கும். மழைச்சேறு காய்ந்தபின் போகலாமா என்று கேட்டோம். வேண்டாம், சேறும் படத்தில் இருக்கட்டும் என்றார்கள்.