மாமாவின் துவக்கும் பெரியம்மாவின் விரல்களும்

டெக்சாஸில் இருக்கும் என் மாமாவுக்கு 68 வயது. இரண்டு கைகளிலும் மூட்டுவாதம். "தம்பி, நீ எஞ்சினியரிங் படிச்சனிதானே. இடுப்பில வைக்கிற மாதிரிச் சின்னத் துவக்கு ஒண்டு வாங்கப் போறன். எது நல்லதெண்டு பார்த்துச் சொல்லு" என்று போனில் கேட்டார். லண்டனில் வளர்ந்த எனக்கு அது விசித்திரமாக இருந்தது. ஆனாலும் தேடிப் பார்த்தேன்.

சின்னது என்றால் சுலபம் என்றுதான் நினைப்போம். உண்மை எதிர்மாறு. தோட்டாவை ஏற்ற, பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். துவக்கு சிறிதானால் ஸ்லைடின் எடை குறையும்; அதனால் ஸ்பிரிங்கை இறுக்கமாக வைப்பார்கள். பிடிக்கவும் இடம் குறைவு. பாரம் குறைந்ததால் சுடும்போது கையில் படும் உதையும் அதிகம். இதனால்தான் ஸ்மித் அண்ட் வெஸன் 2018இல் 'ஷீல்ட் ஈஸி' என்ற மாடலைக் கொண்டுவந்தது: சற்றுப் பெரியது, சக்தி குறைந்த .380 தோட்டா, இழுக்க இலகு. மாமாவிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "கடையில கையில எடுத்து இழுத்துப் பாருங்கோ. நோகுதெண்டால் வாங்காதேங்கோ."

இங்கே அந்தக் கேள்வியே இல்லை. 1996 மார்ச் 13 அன்று ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பாடசாலையில், உரிமத்தோடு வைத்திருந்த கைத்துப்பாக்கிகளால் ஒருவன் 16 பிள்ளைகளையும் ஓர் ஆசிரியையையும் கொன்றான். டென்னிஸ் வீரர் அண்டி மரே அப்போது அங்கே படித்த சிறுவன். 1997இல் வந்த இரண்டு சட்டங்களோடு, வட அயர்லாந்து தவிர்ந்த பிரித்தானியாவில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அநேகமாக முற்றாகத் தடையானது.

பயத்தைத் தடை செய்ய முடியாதே. ஈஸ்ட்ஹாமில் இருக்கும் என் பெரியம்மா, சங்கிலி அறுப்புக் கதைகளைக் கேட்டுக் கேட்டு, வெள்ளிக்கிழமை கோயிலுக்குத் தனியே போவதையே நிறுத்திவிட்டார். ஜெர்மனியில் இருக்கும் உறவினர் ஒருவர் பெப்பர் ஸ்பிரே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். அங்கே அது கடையில் கிடைக்கும். இங்கேயோ 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 5ஆம் பிரிவில், கைத்துப்பாக்கி இருக்கும் அதே பட்டியலில் அதுவும் இருக்கிறது. கைப்பையில் வைத்திருந்தாலே குற்றம். "பாதுகாப்புக்குத்தான் கத்தி வைச்சிருந்தன்" என்பதும் பொதுவாக எடுபடாது. இதை உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

மிஞ்சியது அலாரம். அதிலும் மாமாவின் அதே பிரச்சினை. ஒன்றில் சின்ன ஊசியை இரண்டு விரலால் கிள்ளி இழுக்க வேண்டும்; பெரியம்மாவின் பெருவிரல் அடி நோகும். இன்னொன்றின் பொத்தான் உள்ளே அமிழ்ந்திருந்தது, அழுத்த முடியவில்லை. மூன்றாவதில் கயிற்றை மணிக்கட்டில் மாட்டலாம். கையை வீசினால் போதும், விரலின் வேலையைத் தோள் செய்துவிடும். குசினியில் வைத்து இழுத்துப் பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார். "அப்ப வேலை செய்யுது" என்றார் பெரியம்மா.

அலாரம் கள்ளனைப் பிடிக்காது. ஆட்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும், அவ்வளவுதான். அதனால் சங்கிலி ஜக்கெட்டுக்குள் போகிறது. பகலில் தனியே போகிறார். இருட்டினால் நான் போய்க் கூட்டிவருகிறேன்.

உங்கள் அம்மம்மாவுக்கோ அப்பம்மாவுக்கோ ஏதாவது வாங்கமுன், ஒரு போத்தல் மூடியைத் திறக்கச் சொல்லி அவர்களின் கைகளைக் கவனியுங்கள். எது நோகிறது என்று அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.