அரை நொடியில் தெரியும் மூளை

ஒரு தூண்டல் தோன்றியது முதல் உடல் அதற்குப் பதில் தரும் வரை கழியும் பொழுதே துலங்கல் நேரம். மண்டையோட்டைத் திறக்காமல் மூளையை அறிய உளவியலுக்குக் கிடைத்த பழைய வழிகளில் இது முக்கியமானது. விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். பச்சைக்கு ஒரு பொத்தான், சிவப்புக்கு வேறொன்று என்று வைத்தால் நேரம் கூடும். கூடிய அந்தப் பொழுதில்தான் மூளை தீர்மானித்தது என்று 1868இல் கணக்கிட்டார் டச்சு அறிஞர் டான்டர்ஸ். இன்றைய மூளைப் படப்பிடிப்பிலும் ஒரு படத்திலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பார்க்கும் முறை அவர் காட்டிய வழியே.

ஹார்வர்டில் ஹியூகோ முன்ஸ்டர்பெர்க் டிராம் ஓட்டுநர்களின் கவனத்தைச் சோதித்தார். அவரிடம் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தாவின் பொறுப்பில் 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியல் துறை தொடங்கியது. அந்தக் கல்வி எதற்குப் பயன்படும் என்பதை அதே நகரின் கார்டன் ரீச்சில் தெளிவாகக் காணலாம். ஹூக்ளிக் கரையிலுள்ள அந்தப் பகுதி, முன்பு பெங்கால் நாக்பூர் ரயில்வேக்கும் 1955 முதல் தென்கிழக்கு ரயில்வேக்கும் தலைமையிடம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 28 மீட்டர் ஓடும். சிக்னலைக் கண்டு அரை நொடி தயங்கினால், பிரேக்கில் கை படுமுன்பே 14 மீட்டர் கடந்திருக்கும்.

உதவி லோகோ பைலட் (உதவி ரயில் ஓட்டுநர்) பணிக்கு வருவோர் நினைவாற்றல், அறிவுறுத்தலைப் பின்பற்றல், ஆழம் உணர்தல், கவனக் குவிப்பு, புலனறியும் வேகம் என ஐந்து உளத்திறன் சோதனைகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் குறைந்தது 42 டி-மதிப்பெண் (தரப்படுத்திய மதிப்பெண்) தேவை. ஒன்றில் தவறினாலும் தேர்ச்சியில்லை. கடுமையாகத் தோன்றினாலும் இது நியாயமான விதி. சிதறும் கவனத்தை நல்ல நினைவாற்றல் ஈடுகட்டாது.

துலங்கல் நேரத்தை அளப்பதில் நேர்த்தி கருவியைவிட நடத்துபவரிடம்தான் அதிகம். அறிவுறுத்தல் புரியாதவரின் தாமதம் மூளையின் தாமதம் ஆகாது. ஆகவே அவருக்குப் பழகிய மொழியில் விளக்கி, சில முறை பழகவிட்டு, அந்த எண்களை ஒதுக்கிவிட வேண்டும். விளக்கு ஒரே இடைவெளியில் எரிந்தால் கை அதை முந்திக்கொள்ளும். எனவே இடைவெளியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 0.1 நொடிக்குள் வந்த பதிலை விளக்கைப் பார்த்துத் தந்ததாகக் கொள்வதில்லை. கண்ணிலிருந்து கைக்குச் செய்தி அத்தனை விரைவில் போய்ச் சேராது.

சராசரியை மட்டும் பார்ப்பது பெரிய பிழை. தூக்கம் குறைந்தவர் பல முறை சரியாகவே அழுத்துவார். இடையில் ஒருமுறை முழு நொடி பதிலின்றிப் போகும். அந்த ஒரு வெற்றிடம் சராசரியில் மறைந்துவிடும். ஆகவே 0.5 நொடியைத் தாண்டியவற்றைத் தனியே எண்ணுகிறார்கள். நன்கு உறங்கியவர் காலையில் பெறும் எண்ணை வைத்து, இரவுப் பணியில் மூன்று மணிக்கு அவர் எப்படி இருப்பார் என்று சொல்ல முடியாது.

அந்த நேரத்து மூளையை அறிய, 1929இல் ஹான்ஸ் பெர்கர் வெளியிட்ட மூளை மின்னலைப் பதிவு உதவுகிறது. அரைத்தூக்கத்தில் அலைகள் மெதுவாவதை அது காட்டும். காந்த அதிர்வுப் படம் இடத்தை இன்னும் துல்லியமாகக் காட்டும். ஆனால் அதற்குக் குழாய்க்குள் அசையாமல் படுக்க வேண்டும், எஞ்சின் அறைக்கு அது வராது. அங்கே இருப்பது விழிப்புக் கண்காணிப்புக் கருவி. ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓட்டுநர் எதையும் இயக்காவிட்டால் விளக்கு எரியும், பிறகு ஒலி எழும். அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் தானாகப் பிடிக்கும்.