கலைவாணரும் மதுரமும்

எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர் நகையையே முதற்கண் வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் எள்ளலையும் ஒன்றாக எண்ணினார். அச்சுவேலியில் நாம் கற்பிக்கும் வகுப்பிலே, வாசிக்குங்கால் நாத் தடுமாறும் மாணவனைக் கண்டு ஏனையோர் நகைக்கும்பொழுது, எள்ளல் எத்துணைக் கொடிதென்பதை நேரிற் காண்கின்றோம். பிறரைப் புண்படுத்தாத நகையும் உண்டோவெனின், உண்டு, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் அதனைக் காட்டிச் சென்றனர்.

1936இல் வெளிவந்த 'வசந்தசேனா' படத்தின் வாயிலாக இணைந்த இவ்விருவரும் வாழ்க்கையிலும் துணைவராயினர். மேலைநாட்டு லாரல், ஹார்டி இணையில் இருவரும் ஆடவர். நம்மவருள்ளோ, கணவன் வீம்பு பேச, மனைவி ஒரு சொல்லால் மடக்குவாள். பெண்ணைச் சரிநிகராக நிறுத்திய சிரிப்பு அது. இலட்சுமிகாந்தன் கொலைவழக்கிற் சிக்கிச் சிறைப்பட்ட கிருஷ்ணன் 1947இல் விடுதலை பெறும்வரை, மதுரம் சோர்ந்திலர். நாடகமேடையில் நின்று நடித்தார்.

1949இல் வந்த 'நல்லதம்பி'யில், தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவனொருவன் பட்டணஞ் சென்று கற்று உயர்ந்த கதையைக் கலைவாணர் 'கிந்தனார்' என்னும் காலட்சேபமாக நிகழ்த்தினார். அங்கே கேலிக்கு இலக்கானவன் அச்சிறுவன் அல்லன்; அவனைத் தள்ளிவைத்த வழக்கமே. ஒரே வாங்கில் எல்லாப் பிள்ளைகளையும் இருத்துதற்கு யாழ்ப்பாணத்துப் பள்ளிகளும் போராடவேண்டியிருந்தது என்பதை அறிந்த நமக்கு, அக்கதை வெறும் வேடிக்கையன்று.

ஹார்டியும் கலைவாணரும் 1957 ஓகஸ்ட் மாதத்திலேயே மறைந்தனர். மதுரம் 1974இல் மறைந்தார். மாணவமணிகளே, நகைக்குமுன் ஒருகணம் சிந்தியுங்கள்: உங்கள் சிரிப்பு வீழ்ந்தவனை நோக்கியதா, வீழ்த்தியதை நோக்கியதா?