வாப்பாவின் பேட்டிஸ்

திருச்செந்தூரை அடுத்த காயல்பட்டினத்தார் பலருக்குக் கொழும்பு இரண்டாவது ஊர். அங்கே கடைச் சிப்பந்தியாயிருந்த என் வாப்பா கற்று வந்த பலகாரம் பேட்டிஸ். மைதா மாவை வட்டமாய்த் தேய்த்து, மசாலாவில் வதக்கிய கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்து, பாதி நிலாவாய் மடித்துப் பொரிப்பது. முள்கரண்டியால் விளிம்பை அழுத்தி மூடுவது வாப்பாவின் வேலை, உம்மாவைக்கூட விடமாட்டார்.

அவர் மௌத்தான பின் வந்த முதல் பெருநாளில் நானே செய்யத் துணிந்தேன். அவசரத்தில் கறியைச் சுடச்சுட வைத்து மூடிவிட்டேன். எண்ணெயில் போட்டதும் நான்கு வாய் பிளந்தன. நீராவிக்குப் போக வழியில்லாவிட்டால் மாவைக் கிழிக்குமென்று பௌதிகம் படிக்கும் எனக்குத் தெரியாதா? தெரியும், பரீட்சைத் தாளில்!

"உங்க வாப்பா கறியை விசிறியால ஆத்துவாஹளே, மறந்துட்டியா?" என்றார் உம்மா.

ஆற வைத்தேன். அடுத்த எட்டும் தப்பின. உம்மா ஒன்றை எடுத்து விளிம்பைத் தடவினார்.

"அவஹ இவ்வளவு ஆழமா அழுத்தமாட்டாஹ."

பிறகு அதைத் தின்றார்.