புருவத்துக்கு நடுவே 11

கணக்கில் 38 மார்க். அந்த விடைத்தாளை மூன்று நாள் ஸ்கூல் பைக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்து, நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என் மகள். ஒன்பதாம் வகுப்பு. விஷயம் தெரிந்ததும், "என்கிட்ட ஏம்மா காட்டலை?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"நீ எப்பப் பார்த்தாலும் கோவமாவே இருக்கியேப்பா!"

சத்தியமாகச் சொல்கிறேன், நான் கோபமாக இல்லை. கண்ணாடி முன்னால் போய் நின்றேன். என் முகம்தான் கோபமாக இருந்தது. இரண்டு புருவங்களுக்கும் நடுவே செங்குத்தாக இரண்டு கோடுகள். யாரோ பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி 11 என்று எழுதினாற்போல. சாம்பாரில் உப்பு போதுமா என்று யோசித்தால்கூட, சமைத்தவரோடு சண்டைக்குப் போகிறவன் மாதிரி ஒரு தோற்றம்.

வயதானது பற்றி எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. ஆனால், என் முகம் என்னைக் கேட்காமல் என் வீட்டில் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது கொஞ்சம் வலித்தது. அடுத்த வாரம் ஒரு தோல் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன்.

ஹோட்டல் மெனு கார்டு மாதிரி ஒரு பளபளா அட்டையைக் கையில் கொடுத்தார்கள். போடாக்ஸ், ஃபில்லர், கெமிக்கல் பீல், லேசர், த்ரெட் லிஃப்ட், ஃபேஸ் லிஃப்ட். நமக்கு மெனு கார்டைப் பார்த்தாலே வருகிற கேள்விதான் வந்தது. "இதுல எது டாக்டர் நல்லா இருக்கும்?"

டாக்டர் அம்மா சிரித்தார். "காய்ச்சல் மாத்திரை நல்லதா, மாவுக்கட்டு நல்லதான்னு கேக்கற மாதிரி இருக்கு சார். உங்களுக்கு என்ன கம்ப்ளெய்ன்ட்? அதைச் சொல்லுங்க முதல்ல."

நீங்கள் இந்த விஷயத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால், அந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய தலையணை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அது நாலு விதமாகப் பழசாகும். மடித்த இடத்திலேயே மடித்து மடித்து உறையில் கோடு விழும். உள்ளே பஞ்சு குறையும். தையல் விட்டு மொத்தமாகத் தொய்யும். வெயிலில் கிடந்து சாயம் போகும். முகமும் அப்படியேதான். ஒன்றுக்குச் செய்கிற ரிப்பேர் இன்னொன்றுக்கு உதவாது.

முதலில், மடிப்புக் கோடு. இதற்குத்தான் போடாக்ஸ். கெட்டுப்போன தொத்திறைச்சியைத் தின்று ஆட்கள் செத்ததை 1820-களில் ஆராய்ந்தவர், யுஸ்டினுஸ் கெர்னர் என்ற ஜெர்மன் டாக்டர். அந்த விஷத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து மருந்தாக்கியவர்கள் யார் தெரியுமா? கண் டாக்டர்கள்! மாறுகண்ணைச் சரிசெய்ய சான் பிரான்சிஸ்கோவின் ஆலன் ஸ்காட் அதைப் பயன்படுத்தினார். 1989-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. கண் நோய்களுக்கு அனுமதி கொடுத்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் மருத்துவர், இமைத் துடிப்புக்கு ஊசி போட்ட ஒரு பெண்மணியின் புருவக் கோடும் காணாமல் போவதைக் கவனித்தார். அவர் கணவர் அலெஸ்டர், தோல் மருத்துவர். மீதியை நீங்களே ஊகிக்கலாம். புருவக் கோட்டுக்கு எஃப்.டி.ஏ. அனுமதி 2002-ல் வந்தது.

நரம்பு சொல்வது தசைக்குக் கேட்காமல் செய்துவிடுவதுதான் இதன் வேலை. ஊசி போட்டு சில நாளில் ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழுசாகத் தெரியும். மூன்று, நான்கு மாதத்தில் தசைக்கு மறுபடி காது கேட்டுவிடும்.

நான் பி.காம். புத்தி சும்மா இருக்குமா? எனக்கு அங்கே சொன்ன விலை, யூனிட் 350 ரூபாய். புருவத்துக்கு 20 யூனிட். 7,000. வருடத்துக்கு மூன்று தடவை என்றால் 21,000. பத்து வருடத்துக்கு, விலையே ஏறாது என்று கனவு கண்டாலும் 2,10,000. காமர்ஸில் இதற்குப் பெயர் வருவாய்ச் செலவு. வாடகை மாதிரி. கட்டிக்கொண்டே இருக்கலாம், வீடு நம்முடையது ஆகாது.

இரண்டாவது, பஞ்சு குறைவது. வயதாக ஆக, கன்னத்துக் கொழுப்பு இளைக்கிறது. உள்ளே எலும்பே கொஞ்சம் கரைகிறது. இதற்கு ஃபில்லர். முதலில் மாட்டின் கொலாஜனைத்தான் ஊசியில் ஏற்றினார்கள், எஃப்.டி.ஏ. அனுமதி 1981-ல். இப்போது பெரும்பாலும் ஹயலுரானிக் அமிலம். நம் உடம்பிலேயே இருக்கிற சமாசாரம். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை நிற்கும். பிடிக்கவில்லை என்றால் ஒரு நொதியைச் செலுத்திக் கரைத்துவிடலாம். போடாக்ஸில் இந்த வசதி கிடையாது, காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஃபில்லர் தவறிப்போய் ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம். மிக அபூர்வமாகப் பார்வையே போகலாம். ஆகவே ஊசியைவிட அதைப் பிடிக்கிற கை முக்கியம்.

மூன்றாவது, சாயம் போவது. வெயில் திட்டு, சொரசொரப்பு, மெல்லிய சுருக்கம். இதற்கு பீலும் லேசரும். பீல் என்றால் அமிலம் தடவி மேல்தோலை உரியவைப்பது. மென்மையான வகைக்கு கிளைகாலிக் அமிலம். நம்ம கரும்பில் இருப்பது. கடுமையான வகைக்கு ஃபீனால். அது இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும் என்பதால் மானிட்டர் மாட்டிக்கொண்டு செய்வார்கள். நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் சொந்தக்காரர்களான நமக்கு, பீலும் லேசரும் கொஞ்சம் சூடாகிப்போனாலும் கறுத்த திட்டு விழும். ஒரு திட்டை எடுக்கப்போய் நாலு திட்டோடு திரும்பி வரலாம். வெள்ளைக்காரியின் 'முன், பின்' போட்டோவைப் பார்த்து ஏமாறாதீர்கள். "என் நிறத்துக்கு எத்தனை பேருக்குச் செய்திருக்கீங்க?" என்று கேளுங்கள்.

நான்காவது, தொய்வு. நூல் கோத்து இழுக்கிற த்ரெட் லிஃப்ட், லேசான தொய்வுக்கு. நூல் கரையக் கரையப் பலனும் கரையும். நிஜமாகத் தொங்கிப்போனதற்கு ஃபேஸ் லிஃப்ட் ஆபரேஷன்தான். 1901-லேயே பெர்லினில் ஹோலண்டர் என்ற டாக்டர், ஒரு பிரபுக் குடும்பத்துப் பெண்மணிக்குச் செய்திருக்கிறார். அந்தக் காலத்தில் வெறும் தோலை இழுத்துத் தைத்தார்கள். சீக்கிரமே மறுபடி தொய்ந்தது. இப்போது தோலுக்கு அடியில் இருக்கிற அடுக்கைப் பிடித்துத் தூக்குகிறார்கள். ஏழு, பத்து வருடம் தாங்கும். இது மூலதனச் செலவு. ஆனால் மயக்கமருந்து, ரத்தக்கட்டு, முக நரம்பில் அடிபடும் அபாயம், இரண்டு மூன்று வார வீக்கம் எல்லாம் இதில் உண்டு. அதைச் செய்தாலும் என் 11 அப்படியே இருக்கும். அது வேறு டிபார்ட்மென்ட்!

கார்டில் இல்லாத ஒன்றையும் டாக்டர் சொன்னார். சன் ஸ்க்ரீன். ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 903 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. தினமும் தடவியவர்களின் தோலில், நாலரை வருடத்தில் முதுமை கூடியதாகவே தெரியவில்லை. இந்தப் பட்டியலிலேயே மலிவானது இதுதான். அதனால்தானோ என்னவோ, இதற்குப் பளபளா அட்டை கிடையாது.

அதற்காக, ஊசி போட்டுக்கொள்கிறவர்களைக் கேலி செய்துவிடாதீர்கள். டி.வி.யில் செய்தி வாசிக்கிற தோழி ஒருவர் என்னிடம் சொன்னார்: "நாப்பத்தஞ்சு வயசுல உன்னை சீனியர் ஜர்னலிஸ்ட்னு சொல்றாங்க. என்னை ரேடியோவுக்குப் போகச் சொல்றாங்க." என்னிடம் பதில் இல்லை. அவர் போடாக்ஸ் போட்டுக்கொள்கிறார். அது அவருக்குத் தொழில் செலவு. ஒரே ஒரு நிபந்தனை. பார்லரில் வேண்டாம். தோல் மருத்துவம் அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி படித்த டாக்டரிடம் மட்டும். போடாக்ஸ் பொடியாக வரும். உப்புநீர் கலந்துதான் ஊசியில் ஏற்றுவார்கள். பாலில் தண்ணீர் கலக்கிற ஊரில், குப்பியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்வதில் வெட்கமே வேண்டாம். 2018-ல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில், உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் சொந்த ரத்தத்தை எடுத்து முகத்தில் ஏற்றுகிற 'வாம்பயர் ஃபேஷியல்' செய்துகொண்ட பெண்கள் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

சம்மதப் படிவத்தை நீட்டினார் டாக்டர். வாங்கி, கையை நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, புருவத்தை நெரித்துப் படித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்களுக்கு ஊசி போட்டா கோடு நிச்சயம் குறையும். எனக்கும் வருமானம். ஆனா, கண்ணை எப்ப செக் பண்ணீங்க?"

இருபது வருடமாக ப்ரூஃப் படிக்கிறவன். நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்க்கிற சக்தி குறையும் என்று நானே ஒரு முறை எழுதியிருக்கிறேன். எனக்குப் பொருந்தும் என்று தோன்றவில்லை! கண் டாக்டரிடம் போனேன். ப்ளஸ் 1.75. படிக்கிற கண்ணாடி 1,800 ரூபாய்.

நாலு மாதம் ஆயிற்று. ஊசி போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருந்தால் இந்நேரம் அடுத்த ஊசிக்குத் தேதி வந்திருக்கும். கோடு போய்விடவில்லை. ஆழமாக விழுந்த மடிப்பு, கண்ணாடி போட்டதற்காக மறைந்துவிடாது. ஆனால் மகளிடம் உட்கார்ந்து சொல்லிவிட்டேன், "அது கோவம் இல்லைம்மா. அப்பாவுக்குக் கண்ணு தெரியலை."

போன வாரம் அடுத்த கணக்குப் பேப்பரை அவளே கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

41.

இந்தத் தடவை எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.