கருடப்பாலை என்னும் பெயர்

பிச்சாட்டூர் ஆரணியாற்று அணையின் கரையோரக் கொடிகளைக் கணக்கெடுத்தபோது நான் செய்த பிழையொன்றை இங்கே பதிவுசெய்கிறேன். களப்பணிக்குச் செல்லும் மாணவர்களுக்கு உதவக்கூடும்.

சீமைக் கருவேல மரமொன்றை முழுவதுமாக மூடிப் படர்ந்திருந்தது அக்கொடி. எதிரெதிராக அமைந்த பளபளப்பான தடித்த இலைகள், ஒடித்தால் வெண்பால், வெளிர் ஊதா நிறத்தில் ஐந்து மடல் கொண்ட புனல் வடிவப் பூக்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, பூக்குழாயினுள் இருந்த ஐந்து இழைகளும் இரண்டிரண்டாகப் பிளந்திருந்தன. ஆகவே அது கிரிப்டோஸ்டீஜியா கிராண்டிஃப்ளோரா. தோட்டங்களில் வளர்க்கப்படும் அதன் நெருங்கிய உறவான மடகாஸ்காரியென்சிஸில் அவ்விழைகள் பிளவுபடுவதில்லை. இனங்காண்பதில் நான் தவறவில்லை. தவறியது குறிப்பேட்டின் அடுத்த கட்டத்தில்: இயல் தாவரமா, அயல் தாவரமா?

தமிழில் இதற்குக் கருடப்பாலை என்று பெயர். அறிவியல் பெயருக்குப் பின்னாலோ சோழமண்டலக் கரைத் தாவரங்களை ஆராய்ந்த ராக்ஸ்பரோவின் பெயர் நிற்கிறது. இவ்விரண்டையும் நம்பி ‘இயல்’ என்று எழுதினேன். கரையில் நடத்தக்க உள்ளூர்க் கொடிகளின் பட்டியலிலும் சேர்த்து, நெறியாளருக்கும், நாற்றங்கால் வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கும் அனுப்பிவிட்டேன். கடல் கடந்து வந்த எத்தனையோ செடிகளுக்குச் ‘சீமை’ என்று அடைமொழி இட்ட நம் வழக்கு இதை மட்டும் ஏனோ விட்டுவைத்திருக்கிறது.

மறுமுறை சென்றபோது, அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் சொன்னார்: “நான் வாக்கப்பட்டு வந்தப்போ இந்தக் கொடி இங்க கெடையாது தம்பி. ஆடு இதுல வாய் வெக்காது. வெச்சா பொழைக்காது.”

“பேரு என்ன பாட்டி?”

“பேரு தெரிஞ்சி என்ன பண்றது? வெட்டுனா மறுபடியும் துளுக்குது.”

அன்றிரவுதான் நூல்களை ஒழுங்காகப் படித்தேன். ராபர்ட் பிரவுன் 1820இல் இப்பேரினத்தை வரையறுத்தார். ஆனால் கொடியின் தாயகம் மடகாஸ்கர்த் தீவு. பூவின் அழகுக்காக ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட இது, ஆற்றங்கரை மரங்களை மூடி அழித்தது. அதைக் கட்டுப்படுத்த மடகாஸ்கரிலிருந்தே ஒரு துருப்பூஞ்சையை வரவழைக்க நேர்ந்தது. இலையும் தண்டும் கால்நடைக்கு நஞ்சு. காய்கள் இரட்டை இரட்டையாகத் தொங்கும். வெடித்தால் எருக்கு விதைபோலப் பஞ்சோடு பறக்கும். வெடிக்காத காய் நீரில் மிதந்து போகும். ஆரணியாறோ ஊத்துக்கோட்டை வழியாகப் பழவேற்காட்டுப் பக்கம் செல்வது.

நெறியாளருக்குத் திருத்தத்தை அனுப்பிவிட்டு நண்பரை அழைத்தேன். பத்துப் பைகளில் விதை முளைத்திருப்பதாக மகிழ்ச்சியோடு சொன்னார். மறுநாள் முதல் பேருந்தைப் பிடித்தேன்.