கிருஷ்ணகிரி மலைக்கோட்டை: பிணையாகப் போன இரண்டு சிறுவர்களின் கதை!

கிருஷ்ணகிரி ஊருக்கு மேலே நிற்கிறது சையத் பாஷா மலை. மூச்சு வாங்கப் படியேறினால், பழைய கோட்டைச் சுவர்களும் ஒரு தர்காவும் வரவேற்கின்றன.

இங்கிருந்து ஓசூருக்கு இன்று சுமார் ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால், 1792 முதல் 1799 வரை இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஓர் எல்லை இருந்தது. கிருஷ்ணகிரி ஆங்கிலேயர் வசம். ஓசூர் திப்பு சுல்தான் வசம்.

1791-ல் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை இந்தக் கோட்டையைத் தாக்கியும் பிடிக்க முடியவில்லை. சண்டையில் விழாத கோட்டை, மறுவருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கைமாறியது. பாரமகால் பகுதி முழுவதையும் திப்பு இழந்தார். அதோடு 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம். பணம் வந்து சேரும்வரை பிணையாக அவருடைய பிள்ளைகள் இருவரைக் கேட்டார்கள். அப்துல் காலிக்குக்குச் சுமார் 10 வயது. முயிசுத்தீனுக்கு 8.

கார்ன்வாலிஸ் ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்து அவர்களை வரவேற்றார். ஓவியர்கள் அந்தக் காட்சியை வரைந்து தள்ளினார்கள். படங்களில் அவர் பாசமான தகப்பனாகத் தெரிகிறார். உடன்படிக்கையில் அது ஒரு ஷரத்து. 8 வயதுப் பையனுக்கோ, வீட்டைப் பிரிந்து மதராஸில் இரண்டு வருடம்.

1794-ல், இன்று பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில், திப்புவிடம் பிள்ளைகளைத் திருப்பி ஒப்படைத்தார்கள். அந்த நிம்மதியும் ஐந்தே வருடம்தான். 1799-ல் திப்பு போரில் இறந்தார். குடும்பம் வேலூர் கோட்டைக் காவலுக்குப் போனது. 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு கல்கத்தாவுக்கு.

வெயிலுக்கு முன்பே மலை ஏறிவிடுங்கள். தண்ணீர் அவசியம். பிள்ளைகளோடு போனால், மேலே உட்கார்ந்து இந்தக் கதையையும் சொல்லுங்கள்.